ஆதம்பாவா காக்காவின் கசற்

போன மாதம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுக் கடைப் பக்கம் போயிருந்தேன். சாய்ந்தமருதில் பிரதான வீதியோரமாக முப்பது வருடத்துக்கு மேல் நான் நடத்திய கடை. வாகனங்களுக்கு வயரிங், பற்றரி, றேடியோ வேலை. முழங்கால் மடிய மறுத்த பிறகு மூத்த மகளின் மாப்பிள்ளை றிஸ்வானிடம் ஒப்படைத்துவிட்டேன். இப்போது அங்கே நான் போவது தேத்தண்ணி குடிக்கவும் பிழை பிடிக்கவும்தான்.

அன்று கடைக்குள் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று புது ஹைபிரிட். டாஷ்போர்ட் நடுவில் பெரிய திரை. மற்றது அட்டாளைச்சேனை டொக்டர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிப் புதுப்பித்த மொறிஸ் மைனர். றிஸ்வானும் அவனோடு வேலை செய்யும் இர்பானும் நஸாரும் இரண்டுக்கும் நடுவில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் முப்பதைத் தாண்டியவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். ஆனால் அந்த வாதத்தைக் கேட்டால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

விஷயம் இதுதான். பழைய காலம் ஒன்றுக்குத் திரும்பிப் போய் வாழலாம் என்றால் எந்தக் காலத்துக்குப் போவீர்கள்? காரையும் பாட்டையும் மட்டும் வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். வேறு நியாயம் எதுவும் செல்லாது. இர்பானுக்கு அறுபதுகள் வேண்டும், பின்னால் செட்டை முளைத்த கார்களுக்காக. நஸாருக்கு எண்பதுகள், பாட்டு நாடாக் கசற்றுக்காக. றிஸ்வான் என்னைக் கண்டதும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டான்.

"மாமா, நீங்க எல்லாத்தையும் கண்ட ஆள். நீங்க சொல்லுங்க, எந்தக் காலம்?"

சட்டென்று பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவசரப்பட வேண்டாம் என்று பட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். அப்போது நாட்டுக்குள் புதுக் கார் வருவதில்லை. இருந்ததையே உருட்டிக்கொண்டிருந்தோம். மொறிஸ் மைனர், ஏ-போட்டி, கேம்பிரிட்ஜ், இப்படி எல்லாம் எங்களுக்கு மூத்த கார்கள். கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் தங்கராசா பாஸின் கராஜ் இருந்தது. பாஸ் என்று நாங்கள் சொல்வது கைத்தொழில் தெரிந்த மூத்தவரை. தங்கராசா பாஸ் பாண்டிருப்புக்காரர். கறுத்த, மெலிந்த மனிதர். எந்நேரமும் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சட்டை. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை காருக்குள் இருக்கும் றேடியோவைத் திறந்து பார்க்கத் துணிந்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்வார்கள். அவரிடம் படித்த வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடம் பற்றரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாம் வருடம் வயர் சீவினேன். மூன்றாம் வருடம்தான் ஈயம் ஒட்டும் சூட்டுக்கோலைக் கையில் தந்தார்.

சொல்ல வேண்டியது அவர் வேலை செய்யும் விதத்தைப் பற்றி.

ஒரு கார் வந்தால் உடனே பொனற்றைத் திறக்கமாட்டார். முதலில் கைகளை மண்ணெண்ணெயிலும் பிறகு சவர்க்காரத்திலும் கழுவுவார். சீற்றின் மேல், இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றை விரிப்பார். பிறகு சொந்தக்காரரைக் கூப்பிட்டு, "நீங்க வழமையா இருக்கிற மாதிரி இருங்க. வழமையா என்ன செய்வீங்களோ அதச் செய்யுங்க" என்பார். அவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பார். வேலை முடிந்து காரைத் திருப்பிக் கொடுக்கும்போது றேடியோ முள் வந்த அன்று எந்த ஸ்டேஷனில் நின்றதோ அதே இடத்தில் நிற்க வேண்டும். சத்தமும் அதே அளவில் இருக்க வேண்டும். தனக்குப் பிடித்த பாட்டு போய்க்கொண்டிருந்தாலும் முள்ளைத் திருப்பி வைத்துவிடுவார். "அது அவங்கட வீடு மனே. நாம வந்துபோன ஆக்கள்" என்பார்.

அவர் ஏசி நான் கேட்டதில்லை. நாங்கள் பிழையாக ஏதாவது செய்தால் பேசாமல் வந்து கையிலிருக்கும் வேலை ஆயுதத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போவார். நாங்கள் நின்று யோசிக்க வேண்டும். என்ன பிழை என்று விளங்கியதும் அதை நாங்களே திரும்ப எடுக்கலாம். ஒரு தடவை எனக்கு அது விளங்க அரை நாள் பிடித்தது. பற்றரியின் எர்த் வயரைக் கழற்றாமல் ஸ்டார்ட்டரில் கை வைத்திருந்தேன்.

அவருடைய கெட்டித்தனத்துக்கு ஒன்று சொல்கிறேன். சம்மாந்துறைப் பக்கத்துப் போடியார் ஒருவர், நிறைய வயல் உள்ளவர், ஒரு கேம்பிரிட்ஜ் வைத்திருந்தார். வால்வு றேடியோ. வண்டி நிற்கும்போது றேடியோ கண்ணாடி போல் கேட்கும். ஓடத் தொடங்கினால் அடுப்பில் கடுகு பொரிகிற மாதிரி ஒரே இரைச்சல். மூன்று இடத்தில் காட்டிவிட்டு எங்களிடம் வந்தார். ஏரியலை மாற்றியிருந்தார்கள், பிளக்கை மாற்றியிருந்தார்கள். பாடகரை மட்டும்தான் மாற்றவில்லை என்று போடியார் சொன்னார்.

பாஸ் அவரைக் காரில் ஏறச் சொன்னார். நானும் பின்னால் ஏறினேன். பாலமுனைப் பக்கம் நேரான வீதிக்கு வந்ததும் பாஸ் சொன்னார், "போடியார், இப்ப எஞ்சினை நிப்பாட்டுங்க. கியரை எடுத்துப்போட்டு சும்மா உருள விடுங்க."

எஞ்சின் நின்றது. கார் உருண்டது. இரைச்சல் அப்படியே இருந்தது. அப்படியென்றால் எஞ்சினின் குற்றம் இல்லை.

"இப்ப பிரேக்கில காலை வையுங்க. அமத்த வேணாம். தொட்டாப் போதும்."

போடியார் தொட்டார். இரைச்சல் கத்தரித்தது போல் நின்றது. ஒரு பெண் குரல் சுத்தமாக, அழகாகப் பாடியது. காலை எடுத்தார், கடுகு பொரிந்தது. வைத்தார், பாட்டு வந்தது. எடுத்தும் வைத்தும் விளையாடத் தொடங்கிவிட்டார் மனிதர். வெயிலில் ஓடும்போது முன் சில்லில் சேரும் மின்சாரம் போக வழியில்லாமல் றேடியோவுக்குள் பொரிகிறது, அதுதான் விஷயம். சில்லுக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு சிறிய ஸ்பிரிங் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது இல்லை. கராஜுக்குத் திரும்பியதும் பாஸ் தன் டோர்ச் லைட்டைத் திறந்து, அதன் அடியில் பற்றரியைத் தாங்கும் சுருள் கம்பியைப் பிடுங்கினார். இரண்டாக நறுக்கி இரண்டு சில்லின் மூடிக்குள்ளும் வைத்துப் பூட்டினார். வேலை முடிந்தது. போடியார் போகும்போது, "இவ்வளவு நாளும் பிரேக்க மிரிச்சிக்கிட்டே பாட்டுக் கேட்டிருக்கலாமே" என்று வருத்தப்பட்டார்.

றிஸ்வான் கேட்டபோது என் வாய்க்கு முதலில் வந்தது அந்தக் காலம்தான். ஆனால் எண்பதுகளும் சும்மா இருக்கவில்லை. ஜப்பான் கார்கள் வந்தன. எங்கள் ஊர் ஆண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போய், திரும்பி வரும்போது பெட்டிக்குள் சட்டையை விடக் கசற் சாமான்களை அதிகமாகக் கொண்டுவந்தார்கள். விளக்கு எரியும் செற், ஆறு ஸ்பீக்கர், பின் கண்ணாடிக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டி. வாடகைக்கு ஓடும் ஹயரிங் வான்காரர்கள் ஒருவருக்கொருவர் போட்டி. யாருடைய வான் மருதமுனையில் புறப்படும்போதே சாய்ந்தமருதில் கேட்கிறதோ அவருக்குத்தான் கல்யாண ஹயர். ஒருவர் தன் உழவு இயந்திரத்துக்கும் கசற் பூட்டித் தரச் சொன்னார். பூட்டிக் கொடுத்தேன். எஞ்சின் சத்தத்தில் பாட்டு அவருக்கே கேட்கவில்லை. பக்கத்து வயல்காரர்களுக்குக் கேட்டது. நஸார் அந்தக் காலத்துக்கு ஆசைப்படுவதில் தப்பில்லை.

பிறகு தொண்ணூறுகள் வந்தன. அந்த வருடங்களில் எங்கள் இரண்டு சமூகத்துக்கும், முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும், நடுவில் நடந்ததை இங்கே விரிக்க நான் விரும்பவில்லை. கராஜுக்கும் பாண்டிருப்புக்கும் நடந்து போகிற தூரம்தான். ஒரு நாள் பாஸ் வேலைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குடும்பத்தோடு மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். கட்டடக்காரர் கராஜை ஒழித்துத் தரச் சொன்னார். பாஸின் சாமான்கள், மின்சாரம் அளக்கும் அவருடைய மரப்பெட்டி மீற்றர், சூட்டுக்கோல், திருகாணித் திருப்பிகள், எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பத்திரமாக வைத்துக் கொடுப்பதற்குத்தான் எடுத்தேன். அது அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனால் எனக்கு வேலை இல்லை, கையில் இரண்டு குழந்தைகள். ஒரு நாள் சாக்கை அவிழ்த்தேன். அந்தச் சாமான்களைக் கொண்டுதான் சாய்ந்தமருதில் என் கடையைத் தொடங்கினேன்.

சில வருடத்தில் பாஸ் பாண்டிருப்புக்குத் திரும்பிவிட்டார் என்று அறிந்தேன். நான் போகவில்லை. முதலில் பயம். பயம் போன பிறகு வெட்கம். அவருடைய மீற்றரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

அப்படியே சுனாமி வந்தது.

எங்கள் வீடும் கடையும் வீதிக்கு மேற்கே இருந்ததால் தப்பின. மனைவியின் தங்கையையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் இழந்தோம். இழக்காத வீடு ஒன்று அந்தக் கரையில் இல்லை. மூன்று வாரம் கழித்து, பகல் பதினொரு மணி போல, ஓர் உழவு இயந்திரம் வெள்ளைச் சன்னி கார் ஒன்றை இழுத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றது. கூரை நசுங்கி, கண்ணாடி ஒன்றுமில்லாமல், உள்ளே கழுத்தளவு சேறு. காரை எனக்குத் தெரிந்தது. மருதமுனை ஆதம்பாவா காக்காவின் கார். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். கைத்தறிச் சாரம் விற்கப் போகிறவர். அப்போது அவருக்கு அறுபது வயதிருக்கும். அவரே உழவு இயந்திரத்தின் மட்காட்டில் இருந்து இறங்கினார்.

"மஹ்றூப், கார் எனக்கு வேணா. உள்ளுக்க ஒரு கசற் இரிக்கி. அத மட்டும் எடுத்துத் தா."

"என்ன கசற் காக்கா?"

"அவட குரல்."

அவருடைய மனைவி கதீஜாவைக் கடல் கொண்டுபோனது எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீடு அத்திவாரத்தோடு போயிருந்தது. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அவர் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து கதையைச் சொன்னார். எண்பதுகளில் எட்டு வருடம் அவர் சவூதியில் டிரைவராக இருந்தவர். கதீஜாவுக்கு எழுத வராது. அதனால் கசற்றில் கதைத்து அனுப்புவார். அப்போது எங்கள் ஊரில் பலர் அப்படித்தான் செய்தார்கள். போகிற வருகிற ஆட்களிடம் கொடுத்துவிட்ட கசற் போய்ச் சேர ஒரு மாதம் ஆகும். அவற்றில் ஒன்றுதான் மிச்சம். கடல் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் இரண்டு பேரும் பாலமுனையில் இருக்கும் அவருடைய மைத்துனி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பகிடிக்காக ஆதம்பாவா காக்கா வழியில் அந்தக் கசற்றைப் போட்டிருக்கிறார்.

"அவக்கு வெக்கம். 'நான் பக்கத்தில இரிக்கக்கொள்ள இது என்னத்துக்கு? நிப்பாட்டுங்க' எண்டு அவதான் சுவிச்ச அமத்தினா. நான் கழட்டல்ல. கசற் உள்ளுக்கயே கெடந்திச்சி."

கார் ஊருக்கு மேற்கே வாய்க்கால் சேற்றில் மூக்குக் குத்தி மூன்று வாரம் கிடந்திருக்கிறது. நான் கதவை நெம்பித் திறந்து, சேற்றை வழித்துவிட்டுப் பார்த்தேன். கசற் செற் டாஷ்போர்ட்டில் இருந்தது. வாய்க்குள் கசற்றின் விளிம்பு தெரிந்தது. அதைப் பிடித்து இழுக்கக் கை போனது. யாரோ என் கையிலிருந்து திருப்பியை வாங்கி மேசையில் வைத்த மாதிரி இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"காக்கா, இத நான் தனியச் செய்யமாட்டன். ஒரு ஆளக் கூட்டிவாறன்" என்றேன்.

போகிற வழியெல்லாம் இடிபாடு. பாண்டிருப்பிலும் கடற்கரைப் பக்கம் ஒன்றும் இல்லை. விசாரித்துக்கொண்டு போனதில், பாஸ் ஒரு பள்ளிக்கூடத்தில், அகதிகளோடு அகதியாக இருக்கிறார் என்றார்கள். அவருடைய வீடும் போய்விட்டது. அவரும் மனைவியும் கோயில் கோபுரத்துக்குப் பக்கத்து மாடியில் ஏறித் தப்பியிருக்கிறார்கள். ஒரு வகுப்பறையில், பிள்ளைகளின் வாங்கில் அவர் இருந்தார். முடி முழுவதும் நரைத்திருந்தது. யாரோ கொடுத்த சட்டை, இரண்டு அளவு பெரிது. கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார்.

பதினாலு வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை சலாமும் இல்லை, சுகமும் இல்லை.

"பாஸ், உங்கிட சாமான் எல்லாம் என்னட்ட இரிக்கி."

"தெரியும் மனே" என்றார். "மீற்றர் வேலை செய்யுதா?"

"செய்யுது."

"அப்ப சரி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நான் அழுது முடியும் வரை காத்திருந்தார். பிறகு என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "காய்ஞ்சிட்டா?"

"இல்ல பாஸ். சேறு ஈரமா இரிக்கி."

"காய விடாத. உப்போட காய்ஞ்சா நாடா ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போகும். வா."

என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினார்.

அந்த வேலை மூன்று பகல் எடுத்தது. டாஷ்போர்ட்டிலிருந்து செற்றை இழுத்து எடுக்கவில்லை. சுற்றியிருந்த தகட்டை வாளால் அறுத்து, செற்றை முழுதாக ஒரு சேற்றுக் கட்டியைப் போல் தூக்கி எடுத்தோம். அடுத்தது தண்ணீர். கிணறு எல்லாம் உப்பாகியிருந்தது. குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டியில் வந்தது. பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது ஒரு கசற்றைக் கழுவ அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கடைத் தட்டில் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர்ப் போத்தல்கள் இருந்தன. உப்பும் அழுக்கும் இல்லாத சுத்தத் தண்ணீர். கசற்றுக்கு அதைவிடத் திறமான தண்ணீர் இல்லை என்று பாஸ் சொன்னார்.

செற்றின் மேல் மூடியின் திருகாணிகள் துருவில் இறுகிப்போயிருந்தன. கைத்துளைப்பானால் ஒவ்வொன்றின் தலையையும் குடைந்து எடுத்தோம். மூடியைத் தூக்கிப் பார்த்தோம். நாடா வெளியே வந்து, அதை இழுக்கும் உருளையில் பல சுற்றுச் சுற்றி, சேற்றோடு இறுகியிருந்தது. நாடாவை இழுத்தால் அறும். பாஸ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாடாவைத் தொடாமல் உருளையையே அச்சோடு கழற்றினார். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, விரல் நுனியால் உருளையைப் பின்பக்கமாக, மணிக்கூட்டு முள் போகிற வேகத்தில் திருப்பினார். நாடா தானாக அவிழ்ந்து வந்தது. அவருக்கு அப்போது எழுபதுக்கு மேல் வயது. கை நடுங்கியது. தண்ணீருக்குள் போனதும் நடுக்கம் நின்றுவிட்டது.

கசற்றின் கூட்டைப் பிரித்து, நாடா சுற்றிய இரண்டு சில்லையும் எடுத்தோம். ஒரு சில்லிலிருந்து மற்றதுக்கு, நடுவில் சுத்தத் தண்ணீர்த் தட்டு ஒன்றின் ஊடாக, நாடாவைக் கையால் சுற்ற வேண்டும். நான் சுற்றினேன். பாஸ் நனைத்த துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நாடாவை அதற்குள்ளால் விட்டார். துணி வேண்டும் என்று கேட்டபோது ஆதம்பாவா காக்கா தோளில் கிடந்த தன் பழைய சாரத்தைக் கிழித்துக் கொடுத்தார். துவைத்துத் துவைத்து வெண்ணெய் போலாகிவிட்ட மருதமுனைத் துணி. "மெல்ல மனே, மெல்ல" என்பது மட்டும்தான் அன்று முழுவதும் பாஸ் கதைத்தது. ஆதம்பாவா காக்கா வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ளுஹர் தொழுகைக்கு நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்குப் போய் வரும் வரை பாஸ் நாடாவின் நுனியைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

வெயிலில் காய வைக்கவில்லை. ஒரு நாள் முழுக்க மின்விசிறிக் காற்றில் நாடாவைத் தளர்த்திச் சுற்றிச் சுற்றி உலர்த்தினோம். மணல் கீறிய இடங்களில் இரண்டு தரம் வெட்டி ஒட்டினோம். புதுக் கூடு ஒன்றுக்குள் பூட்டினோம். மூன்றாம் நாள் பின்னேரம், இரண்டு கசற் போடும் பெட்டி ஒன்றில் ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் வெறும் கசற்றையும் வைத்தோம். நாடா இன்னொரு தடவை தாங்குமோ தெரியாது. ஓடுகிற முதல் தடவையே பிரதி எடுத்துவிட வேண்டும். பாஸ் என்னைப் பார்த்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

முதலில் இரைச்சல். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல், ஒரு பெண் குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். நான் நல்ல சுகம். மாமிக்குத்தான் கால் நோவு, எண்ணெய் பூசி உட்டிரிக்கன்."

"ஓம்" என்றார் ஆதம்பாவா காக்கா, ஆம் என்று பதில் சொல்வது போல்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை. மேசையில் கை வைத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தறியில ஒரு கட்ட ஒடஞ்சி போச்சி. புதுசு போட்டாச்சி. நீங்க அதுக்கு யோசிக்காதங்க."

"ஓம்."

"பொறுங்க, றோட்டால ஹயரிங் கார் போகுது. ஒரே சத்தம்."

உண்மையாகவே ஒரு கார் போனது. பழைய காரின் ஹோர்ன், இரண்டு தரம். எங்கேயோ பக்கத்து வீட்டு றேடியோவில் ஒரு பாட்டு, சொல் விளங்கவில்லை. மணல் கீறிய இடங்களில் குரல் விழுந்து விழுந்து எழும்பியது. அவர் ஒவ்வொரு வசனத்துக்கும் ஓம் சொன்னார். கோழி அடைக்கு வைத்த கதைக்கு ஓம். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதைக்கு ஓம். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு நாடா நின்றது.

நான் நிறுத்தப் போனேன். பாஸ் சொன்னார், "மறு பக்கத்தையும் போட்டுப் பாரு. இவ்வளவு கழுவினம்."

"மறு பக்கத்தில ஒண்டுமில்ல" என்றார் ஆதம்பாவா காக்கா. இருந்தாலும் திருப்பிப் போட்டேன்.

ஓர் ஆணின் குரல் வந்தது. இள வயது. ஆதம்பாவா காக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"இது நான்" என்றார். கசற்றுக்குப் பஞ்சமாக இருந்த அந்த நாளில் மனைவி அனுப்பியதன் மறு பக்கத்திலேயே பதில் கதைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதை அவரே மறந்துபோயிருந்தார்.

"கதீஜா, இஞ்ச நான் ஓட்டுற கார் கப்பல் மாதிரி. குளிர்க் காத்து வரும். நாலு ஸ்பீக்கர். ஊருல ஒருத்தரும் காணாத கார். அதுலதான் உண்ட கசற்றப் போட்டுக் கேக்கன் புள்ள. ஆனா பக்கத்துச் சீற்றுல ஆள் இல்ல. நான் வந்தா ஒரு பழைய கார் எண்டாலும் வாங்குவன். றேடியோ இல்லாட்டியும் காரியமில்ல. நீ கதைச்சிக்கிட்டு வா."

அதன் பிறகு நாடா பழுது. இரைச்சல்தான். நான் நிறுத்தினேன்.

ஆதம்பாவா காக்கா மேசையிலிருந்து கையை எடுத்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாராம். பிறகு ஒரு நாள் அவரே சொன்னார்.

"வாங்கினன் தானே?" என்று எங்கள் இரண்டு பேரையும் கேட்டார். "வாங்கினன். பதினாறு வருசம் கதைச்சிக்கிட்டு வந்தா. வாய் மூடல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பற்றரிக்கு வந்திருக்கிறார், லைற்றுக்கு வந்திருக்கிறார், ஹோர்னுக்கு வந்திருக்கிறார். அத்தனை வருடத்தில் றேடியோ பழுதென்று ஒரு நாளும் வந்ததில்லை.

பிரதி ஒன்றை அவருக்கும், பாதுகாப்புக்கு இன்னொன்றைக் கடையிலும் வைத்தோம். அதற்குப் பிறகு பாஸ் கிழமையில் இரண்டு நாள் என் கடைக்கு வருவார். தன் மீற்றரைத் துடைத்து வைப்பார். திருப்பி எடுக்கச் சொன்னால் எடுக்கமாட்டார். ஆறு வருடம் அப்படி வந்தார். அவருடைய கடைசிப் பயணத்தில் நானும் பாண்டிருப்பு வரை நடந்து போனேன்.

நேற்று திரும்பவும் கடைக்குப் போனேன். மூன்று பேரும் என் பதிலுக்காக வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். முதலில், வாழ்வதற்கு எனக்கு இந்தக் காலம் போதும் என்றேன். என் சின்ன மகள் டோஹாவில் இருக்கிறாள். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது போனில் முகத்தைக் காட்டுகிறாள். பேத்தி விழுந்த பல்லைக் காட்டுகிறாள். ஒரு குரல் வந்து சேர ஒரு மாதம் காத்திருந்த காலத்தை, அதன் கார் எவ்வளவு அழகாக இருந்தாலும், பொற்காலம் என்று சொல்ல என்னால் முடியாது. ஆதம்பாவா காக்காவின் முகத்தைப் பார்த்தவன் நான்.

"ஆனா ஒரு பின்னேரத்துக்கு மட்டும் போய் வரலாமெண்டா, போவன்" என்றேன். அந்த மூன்றாம் நாள் பின்னேரத்தைச் சொன்னேன். அந்த நாட்களை யாருக்கும் திரும்பக் கொடுக்க வேண்டாம். அந்த மேசை மட்டும் போதும். ஒரு பக்கம் பாஸ், ஒரு பக்கம் நான், நடுவில் ஓம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர்.

இர்பான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

"காக்கா, அந்தக் கார் ஓடவும் இல்ல. கசற்றுல பாட்டும் இல்ல. நம்மட சட்டப்படி இது செல்லாது."

"செல்லாட்டிப் போகட்டும்" என்றேன்.